உப்பில்லாத ஸ்லாவா

உருளைக்கிழங்கை இரண்டாம் தடவையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மசித்ததில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முதல் தண்ணீரோடு பாதி ருசி போயிருந்தது. இரண்டாம் தண்ணீரோடு மீதியும் போய், பானையில் கிடந்தது சுவருக்குப் பூசக் குழைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது. இதில் உப்பும் போடக் கூடாது. வெண்ணெய் கிடையாது, நோன்புக் காலம். இந்தக் கண்றாவியைத்தான் புனித நிக்கோலாவின் திருநாளில், எங்கள் வீட்டு ஸ்லாவாவில், விருந்தாளிகளுக்கு முன்னால் வைக்கப்போகிறேன். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வீட்டுப் புனிதரின் நாள் எதுவென்று ஊருக்கே தெரியும், வருகிறவர்கள் தாமாக வருவார்கள். வருகிறவர்களைத் தின்னவைத்தே திணறடிக்க வேண்டும், அதுதான் மரியாதை.

"வுகா, உப்பு போட்டியா?" என்று படுக்கையறையிலிருந்து என் கணவன் மிலோவான் கேட்டான்.

"போடல."

"கொஞ்சூண்டு?"

"கொஞ்சூண்டும் இல்ல."

"செத்தவனுக்குப் படைக்கிற கோதுமையிலகூட சர்க்கரை போடறோம். உசிரோட இருக்கிறவனுக்கு உப்பு கிடையாதாம்."

நான் பானையை மூடி வைத்தேன். அவன் சொன்னது சரிதான்.

மிலோவானின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அதனால்தான் உப்பு கூடாது, கிழங்கிலிருக்கும் பொட்டாசியமும் இரண்டு தண்ணீரோடு போயாக வேண்டும். முதலில் சில மாதம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் உட்கார்ந்தான். பேருந்துக் கழகத்தில் எத்தனையோ இன்ஜினைப் பிரித்துக் கோத்தவன், தன் ரத்தம் குழாய்க்குள் சுற்றிப் போவதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டே கிடப்பான். பிறகு அரசாங்கம் புதுத் திட்டம் கொண்டுவந்தது. சிறிய ஊர்களில் இயந்திரப் பிரிவை மூடிவிடுவார்கள். வேனில் மலைப்பாதை வழியாகப் பெரிய நகரத்துக்குப் போய் வரலாம், இல்லையென்றால் வீட்டிலேயே வைத்தியம். வயிற்றில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் வழியாகப் பையிலிருந்து மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே வடிக்க வேண்டும். உடம்பின் கழிவும் வேண்டாத நீரும் அதோடு வந்துவிடுமாம். செய்ய வேண்டியது யார்? மனைவி.

கலாச்சார மண்டபத்தில் இதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி திரையில் படம் படமாகக் காட்டினார். படத்தில் வயிற்றில் குழாயோடு ஒரு ஆள் மீன் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எல்லாரும் கொஞ்சம் மனசைத் திறந்து யோசிக்கணும்" என்றார் அதிகாரி. நான் எழுந்து நின்றேன். வாழ்நாள் முழுக்கப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள், என் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். "எங்க மனசு இருக்கட்டும். நீங்க திறக்கப் போறது எம் புருஷன் வயித்தைத்தானே" என்றேன். மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். சிரிப்பால் ஒரு இயந்திரமும் ஊரில் தங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என் வீட்டுக்குக் குடி வந்துவிட்டது. விருந்தாளிகள் உட்காரும் முன்னறையில் மருந்துப் பைகளின் அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் நிற்கின்றன. புனிதரின் படத்துக்கு நேர் கீழே கையுறை, முகமூடி, ஸ்பிரிட். தினமும் பல தடவை அந்த மஞ்சள் நீரை வடித்து எடுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். பை கையில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்புத்தான் எனக்கு ஆகாது. பேருந்து நிலையக் கழிப்பறையின் சாவி என்னிடம்தான் இருந்தது, நான் பார்க்காத அசிங்கம் இல்லை, ஆனாலும் இது கட்டிய கணவனின் உள்ளேயிருந்து வருகிறது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே கையால் ரொட்டி பிசைவேன். அன்றைக்கு என்னால் ரொட்டி தின்ன முடியாது.

சொல்லிக்கொடுக்க வந்த நர்ஸ் யாகொதா சிறு பெண், என் வாய்க்குப் பயப்படாதவள். பையை மாற்றும்போது ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருக்க வேண்டும், காற்றோட்டமே கூடாது என்றாள். இந்த ஒரு விதியை மட்டும் நாங்கள் மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம். எதிரெதிர் ஜன்னல் வழியாக வரும் காற்று ஆளைக் கொல்லும் என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அவளோடு சண்டை. நோன்பு நாளில் இறைச்சியும் முட்டையும் கிடையாது, ஆனால் இவனுக்குப் புரதம் வேண்டும். யாகொதாவே கடையிலிருந்து சோயாவில் செய்த ஒரு வெள்ளைக் கட்டியை வாங்கி வந்தாள். தண்ணீரில் மிதந்தது, வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தின்னும் பொருள் என்றால் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டாமா? பூண்டும் மிளகாய்த் தூளும் போட்டுப் பொரித்துக் கொடுத்தேன். மிலோவான் வெகுநேரம் மென்றான். "நம்ம டெப்போவுல இது இருந்திருந்தா டயருக்கு ஒட்டுப் போட்டிருக்கலாம்" என்றான். ஆனாலும் தின்றான். ஏன் தின்றான் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியபோது மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படியானால் வீட்டு வைத்தியம் ரத்து, இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும். அன்று வீடு திரும்பும் வழியில் மிலோவான் என்னிடம் சொன்னான்: "அதுல நான் திரும்ப உட்கார மாட்டேன் வுகா. நேரா குழியில இறக்கிடு." வேடிக்கைப் பேச்சு பேசுகிறவன் வேடிக்கை இல்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அதனால் ஸ்லாவா மேசையை அவன் தின்னக்கூடியதாகவே போட்டேன். வீட்டுக்காரன் தின்ன முடியாததை ஊரார் அவன் முன்னால் நக்கித் தின்பதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. உப்பில்லாத மீன், இரண்டு தண்ணீர் கண்ட கிழங்கு, அந்த வெள்ளைக் கட்டி. பெட்டிகள் மேல் வெள்ளைத் துணி விரித்து ஒயின் குப்பிகளை வைத்தேன்.

முதலில் வந்தவர் ராதிசவ். எங்கள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், எங்கள் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர். இந்த உறவை நாங்கள் கூம் என்போம், பெண்ணானால் கூமா. கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போடக் கூடாது. கறுப்புக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், கையில் துணிப்பை. மேசையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் கவனித்தேன்.

"கூமா, இது என்ன, சோப்பா?"

"சோயா. சாப்பிட்டுப் பாருங்க."

ஒரு துண்டை வாயில் போட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். "மனுஷனைப் பட்டினி போட்டுக் கொல்றதுக்கு இதுதான் புதுத் திட்டமா?" என்று கேட்டுவிட்டு மிலோவானைப் பார்க்க உள்ளே போனார்.

பக்கத்து வீட்டு தேசங்காவும் அவள் கணவனும் வந்தார்கள். அவர்களுக்கு மீனைப் பரிமாறினேன். ஸ்லாவாவில் வீட்டுக்காரன் உட்காராமல் நின்று கவனிக்க வேண்டும், அவனுக்குப் பதிலாக நான் நின்றேன். தேசங்கா ஒரு வாய் கிழங்கு தின்றுவிட்டு, "ரொம்ப லேசா இருக்கு" என்றாள். கண் மேசை மேல் உப்புக் கிண்ணத்தைத் தேடியது. அவள் கணவன் ரொட்டியை மட்டும் பிட்டுத் தின்றான். அவர்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவர்கள் முகத்தில் இருந்தது என் முகம்தான் என்பதால் இன்னும் அருவருப்பாக இருந்தது.

இன்னொரு ஒயின் குப்பி எடுக்கச் சரக்கறைக்குப் போனபோது வாசனை முதலில் வந்தது. கதவைத் திறந்தேன். மிலோவான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஒரு கண்ணாடி ஜாடியை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். மீசையில் கோஸ் நார் ஒன்று ஒட்டியிருந்தது. கூம் காலியான துணிப்பையோடு பக்கத்தில் நின்று அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

ரசோல். பீப்பாயில் முட்டைக்கோஸ் உப்போடு புளித்துக் கிடக்கும் நீர். குடித்த மறுநாள் தலை வலித்தாலும் அதுதான், வயிறு கெட்டாலும் அதுதான், ரத்தம் கெட்டாலும் அதுதான். எங்கள் பக்கத்தில் அதை யாரும் உப்பு என்று நினைப்பதில்லை, மருந்து என்றுதான் நினைப்பார்கள். டாக்டர் உப்பைத்தானே கூடாது என்றார்? அந்த ஜாடியில் ஒரு வாரத்துக்கான உப்பு இருந்தது. உப்பு உள்ளே போனால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீர் போக வழியில்லாமல் நுரையீரலுக்கு.

"எவ்வளவு குடிச்ச?"

மிலோவான் ஜாடியைப் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் மீதி.

"ஒரு சின்ன ஜாடிதான் கூமா" என்றார் ராதிசவ். "ரத்தத்தைச் சுத்தம் பண்ணும். எங்க அப்பா தினம் காலையில குடிச்சு தொண்ணூறு வயசு வரைக்கும்..."

"உங்க அப்பாவுக்கு சிறுநீரகம் இருந்துச்சு."

அவர் மிலோவானின் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க கூம், இன்னைக்கு ஸ்லாவா. ரெண்டுல ஒண்ணு இல்லாம இருந்தாலும் மீதியை உங்க தலையில கவுத்திருப்பேன்" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. என் குரல் முன்னறை வரைக்கும் போயிருக்கும்.

யாகொதாவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தாள். அவர்கள் வீட்டிலும் நிக்கோலாதான் போலிருக்கிறது, பின்னால் கண்ணாடிக் கோப்பைகளும் பாட்டும் கேட்டன. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இப்ப உள்ள இருக்கறதை வடிச்சிடுங்க. அப்புறம் ஆரஞ்சு மூடிப் பை, அதுதான் ரொம்பக் கடுமையானது, அதைப் போடுங்க. சாயங்காலம் வடிச்சா உள்ள போனதைவிட அதிகமா வெளிய வரணும். ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்காதீங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சா ஆம்புலன்ஸ், யோசிக்கவே வேண்டாம். வடிச்சதும் எனக்குச் சொல்லுங்க."

"விருந்து நாள்ல தொந்தரவு பண்றேன்."

"அதுக்குத்தானே அக்கா இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் பழைய இயந்திரப் பிரிவு இருந்தபோது திருநாளில் கதவைத் தட்டினால் காவல்காரன்தான் வருவான். இதை நான் யாரிடமும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

மிலோவானைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலை மூடி, கையைக் கழுவி, பையை மாட்டினேன். ராதிசவ் வெளியே போக எழுந்தார். "உட்காருங்க" என்று அவருக்கும் ஒரு முகமூடியைக் கொடுத்தேன். குழாயில் மஞ்சள் நீர் இறங்குவதைப் பார்த்ததும் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் சுருங்கின, நெற்றி வியர்த்தது. பன்றி அறுக்கும்போது குடலைத் தானே கழுவுகிற மனிதர். ஆனால் எழுந்து போகவில்லை.

பிற்பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், கொஞ்சமாகத் தின்றார்கள், புனிதருக்காகக் கோப்பையை உயர்த்தினார்கள். நான் முன்னறையில் நின்றபடி உள்ளே காதை வைத்திருந்தேன். தாகம் சீக்கிரமே வந்துவிட்டது.

"வுகா, தண்ணி."

"இல்ல."

"வாயை மட்டும் நனைச்சுக்கறேன்."

"இல்ல மிலோவான்."

"நீ பொண்டாட்டியா, ஜெயில்காரியா?"

அடுத்த தடவை கெஞ்சியது என்னிடம் இல்லை. கதவிடுக்கில் பார்த்தேன். "கூம், நீயாவது ஒரு வாய் கொடு. உன் கையால கொடு" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கூமின் முன்னால் நான் வைத்துவிட்டுப் போன ஒயின் கோப்பை தொடாமல் இருந்தது. ராதிசவ் அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கதவைத் தள்ளக் கையை நீட்டினேன். அவர் நேராகக் கதவைத் திறந்து, கோப்பையை என் கையில் திணித்துவிட்டு, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார். மிலோவான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியபோது விருந்தாளிகள் போய்விட்டார்கள். மிலோவானின் மூச்சில் லேசாக ஒரு விசில் சேர்ந்திருந்தது. அது மூச்சு வாங்குவதா இல்லையா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வடிக்கலாம்" என்றேன்.

பையை எடை போட யாகொதா கொடுத்த தராசு காலையில் என் அவசரத்தில் கீழே விழுந்து உடைந்திருந்தது. ராதிசவ் வண்டிக்குப் போய், பன்றிக்குட்டி நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுவந்தார். ஸ்பிரிட் ஊற்றித் துடைக்கச் சொன்னேன், துடைத்தார். காலிப் பையைக் கொக்கியில் மாட்டி, கட்டில் ஓரத்தில், நீர் இறங்குகிற அளவுக்குத் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் கறுப்புக் கோட்டோடு தரையில் மண்டியிட்டார். நான் குழாயின் பிடியைத் திறந்தேன்.

உள்ளே போனது இரண்டு கிலோ. அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது; இரண்டைத் தாண்டாவிட்டால் ஆம்புலன்ஸ், பிறகு அந்த இயந்திரம். நீர் முதலில் விறுவிறுவென்று வந்தது, பிறகு மெதுவானது. பை உப்பிக்கொண்டு அவர் முழங்காலைத் தொட்டது. அந்த வெதுவெதுப்பு கால்சட்டை வழியாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும், உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது, கை நகரவில்லை. எனக்கு வழக்கம்போலக் குமட்டியது. குமட்டலோடேயே அந்த நீர் இன்னும் வர வேண்டும், இன்னும் வர வேண்டும் என்று புனித நிக்கோலாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு?" என்றான் மிலோவான். கண்ணை மூடியிருந்தான்.

"பேசாத. மூச்சு விடு."

"கூம், எவ்வளவு?"

ராதிசவ் முகத்தைத் தராசுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடி போடாமல் அவருக்குக் கிட்டத்தில் தெரியாது. "ரெண்டுகிட்ட வந்திருக்கு" என்றார். முள் இரண்டின் கோட்டில் நின்று நடுங்கியது. இரண்டு கைகளாலும் தராசைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சை அடக்கினார். குழாயில் ஒரு குமிழி நகர்ந்தது, அதன் பின்னால் மஞ்சளாய் ஒரு துளி, பிறகு இன்னொன்று.