போக ஏழு, வர ஏழு

என் மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நுரையீரல் பழுதாகி ஆறு வருடம் ஆகிறது. அவர் மகள், என் மனைவி, இறந்த பிறகும் என்னோடுதான் இருக்கிறார்.

மச்சானுக்கு அது சரியாகப் படவில்லை. நான் வேலைக்குப் போனதும் அப்பா தனியாக இருக்கிறார் என்றார். தெருமுனை மருந்துக்கடை வரை நடந்து திரும்பட்டும், ஆக்ஸிஜன் எண்பத்தெட்டுக்குக் கீழே போகாவிட்டால் இங்கேயே இருக்கட்டும், போனால் ஞாயிறன்றே கூட்டிப் போய்விடுவேன் என்றார். நியாயம்தான். தலையாட்டினேன். பேசும் பழக்கமே விட்டுப் போயிருந்தது.

முதல் நான்கு நாளும் தோற்றோம். அவர் விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவி என் மனைவிக்காக வாங்கியது. எண் தொண்ணூறைத் தொட்டதும் மாமா வேகத்தைக் கூட்டுவார். லேட்டான வண்டியை விரட்டிப் பழகிய புத்தி. கடைக்கு முன்பே எண்பத்து நாலு. மதிலைப் பிடித்துக் குனிந்து நிற்பார். எண் இறங்கும் முன்பே நிற்க வேண்டும், உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் போனில் கடிந்துகொண்டாள்.

"நின்னு நின்னு போனா அது நடையா மாப்ளே? ஆமைகூடச் சிரிக்கும்."

"முப்பத்தோரு வருஷம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னுதானே போனீங்க மாமா. யார் சிரிச்சா?"

அவர் என்னையே பார்த்தார். பல மாதங்களில் நான் பேசியதிலேயே நீளமானது அது.

அன்றே நிறுத்தங்கள் முடிவாயின. விளக்குக்கம்பம், தையல்கடை, தண்ணீர்க்குழாய் என்று ஏழு. எண் என்னவானாலும் ஒவ்வொன்றிலும் நின்று, விசில் ஊதுவதுபோல் பத்து மூச்சு. பிறகு, "போலாம், ரைட்."

ஞாயிறன்று மச்சான் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். திரும்பும்போது தண்ணீர்க்குழாயருகே எண்பத்தொன்பது. ஆட்டோ கூப்பிடட்டுமா என்றார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஊதினார். தொண்ணூறு. ஊதினார். தொண்ணூற்றிரண்டு.

"ரைட்."

வாசலுக்கு வந்தபோது தொண்ணூற்றொன்று. மூச்சு சீராகும்வரை நின்றுவிட்டு மகனைப் பார்த்தார்.

"டிக்கெட் எடுக்காம வழி பூரா வந்துட்டே. போனாப் போகுது. வண்டி இங்கதான் ஹால்ட். நீ கிளம்பு."

மச்சான் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. உதடு குவிந்தே இருந்தது. பதினான்கு நிறுத்தத்திலும் அவரோடு சேர்ந்து நானும் ஊதியிருக்கிறேன்.

"சாயங்காலம் இன்னொரு ட்ரிப் இருக்கு மாப்ளே," என்றார் மாமா.

ரைட் என்றேன்.