அதிரச மாவில் ஒரு பாலன்

"ஒனக்குப் பேச வருமா, வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிரு. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிறேன்."

தங்கச்சிமடத்து மணல் ஊற்றடியில் குடத்தோடு நின்ற பிரகாசியைப் பார்த்து மலிகா இப்படிக் கேட்டபோது இருவரும் சின்னப் பிள்ளைகள். பிரகாசி வாயைத் திறக்கவில்லை. ஆனால் சிரித்துவிட்டாள். மலிகாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று பேச ஆரம்பித்தவள்தான், பாவாடை போய்த் தாவணி வந்த பிறகும் நிறுத்தவில்லை.

பிரகாசி கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவள். வயதுக்கு வந்த பிள்ளைக்குப் படித்தது போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பாடம் போனதில் அவளுக்கு வருத்தம்தான். எழுந்து நின்று பதில் சொல்லும் தொல்லை ஒழிந்ததில் அதைவிடப் பெரிய நிம்மதி. அதற்குப் பிறகு அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலிகாவிடம் மட்டும்தான்.

அந்த மலிகாவுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து வரும் வெள்ளிக்கிழமை, தேவிபட்டினத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப்போகிறார்கள். முந்தின நாள் மத்தியானம் மலிகாவின் கையில் மருதாணி வைக்கப்போவது பிரகாசிதான் என்று இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். பேசியது மலிகா. முடித்தது பிரகாசியின் தலையாட்டல்.

அதற்குள் ஆடு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

கிறிஸ்துமஸைவிட அதற்கு அடுத்து வரும் நாட்களைத்தான் பிரகாசிக்குப் பிடிக்கும். பண்டிகையன்று வருகிறவர்கள் எல்லாம் அவள் மோவாயைப் பிடித்து, "என்னடி பண்ணுற? ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். மறுநாள் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாடைக்காற்றில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். ஆண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு வழியை மறிப்பார்கள். வாசலில் கட்டிய மூங்கில் நட்சத்திரம் ஒரு பக்கத்துக் காகிதத்தைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சத்தோடு படபடக்கும். முறுக்கு டின்னில் தூள்தான் கிடக்கும். அந்தத் தூளை உள்ளங்கையில் தட்டி, யாரும் பார்க்காமல் நக்குவதற்கு ஈடான பலகாரம் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி.

பிரகாசியின் அம்மா சூசையம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் குடில் கட்டிவிட்டால், ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் பகலில் தெருக்கதவைச் சாத்தக்கூடாது.

"சேசுவுக்குக் கதவச் சாத்துன ஊரு பெத்லகேம் ஒண்ணு போதும்" என்பாள்.

அந்த வருஷம் இன்னொன்றும் செய்தாள். மண்ணால் செய்த பழைய சேசுபாலன் கை உடைந்துபோயிருந்தான். புதிதாக வாங்க ராமநாதபுரம் போகவேண்டும். சூசையம்மாள் யோசித்தாள். அதிரசத்துக்குப் பாகு போட்டுப் பிசைந்த மாவில் ஒரு கை எடுத்து, உருட்டி, கண் வைத்து, மூக்கு வைத்து, பிஞ்சுக் காலில் விரலும் கிள்ளி வைத்துவிட்டாள். அசல் பிள்ளைதான். பூசை முடிந்து பார்க்க வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாலன் நல்லாக் கருப்பா, நம்ம பிள்ளை மாதிரியில்ல இருக்காரு!" என்றாள் ஒருத்தி. சூசையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளில் முளைக்க வைத்த கம்புப் பயிர் குடிலைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று நின்றது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், மலிகாவின் உம்மா நூர் நிஷா வளர்த்த வெள்ளாடு, திறந்திருந்த கதவு வழியாக மரியாதையாக உள்ளே வந்தது. முதலில் கம்பை மேய்ந்தது. அப்புறம் வைக்கோல். அப்புறம் பாலன். சூசையம்மாள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது, பாலனின் கால் மட்டும் ஆட்டின் கடைவாயில் தெரிந்தது. அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போயிற்று.

"நூர் நிஷா! ஒன் ஆடு எங்க பாலனத் தின்னுருச்சு!"

நூர் நிஷா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள். "யா அல்லா! ஈசா நபிய நெனச்சுச் செஞ்சதையா தின்னுச்சு இந்த மூதேவி?" ஆட்டுக்கு நாலு போட்டாள். அழுதும்விட்டாள். அழுகிறவளைச் சூசையம்மாள்தான் தேற்றவேண்டியதாயிற்று. அத்தோடு முடிந்திருக்கும்.

முடியவிடாமல் செய்தது பிரகாசியின் அய்யா சந்தியாகு. கரையில் சீட்டு விளையாடிவிட்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏரோது ராசாவாலயே முடியலையேடி! இது முடிச்சிருச்சே!" என்றார். மறுநாளே தெருவில் அந்த ஆட்டுக்கு ஏரோது என்று பேர் விழுந்துவிட்டது. நூர் நிஷாவுக்குப் பேர் பிடித்துப்போயிற்று. ராசா பேராமே! "ஏரோது, பா... பா... ஏரோது" என்று அவளே கூப்பிட்டுத் தவிடு வைத்தாள்.

புதன்கிழமை கோயில் உபதேசியார் அந்த வழியே வந்தார். அன்று மாசில்லாக் குழந்தைகள் திருநாள். சேசுபாலனைத் தேடிக் கிடைக்காமல், இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளையெல்லாம் ஏரோது வெட்டிப்போட்ட கதையைப் பூசையில் கேட்டுவிட்டு வந்த மனிதர், ஏரோது யார் என்று நூர் நிஷா கேட்டாளே என்று அதை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார்.

நூர் நிஷா வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏன் சூசையக்கா, என் ஆட்டுக்குப் பச்சப்பிள்ளையள வெட்டுன பாவி பேரா வச்சீக?"

"நானா வச்சேன்? அந்த மனுசன் வெளையாட்டுக்குச் சொன்னாரு."

"நான் அதக் கூப்பிட்டுத் தவிடு வக்கிறேன், தெருவே சிரிச்சிருக்கு. ஒரு வார்த்த சொன்னீகளா?"

தானும் சிரித்தவள் என்பதால் சூசையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன, பாலனத் தின்னதுக்குச் சந்தியாகப்பர்னு புனிதர் பேரா வைப்பாக?"

"கதவச் சாத்தத் தெரியாத வீட்டுக்குக் குடில் எதுக்கு?"

"ஆட்டக் கட்டத் தெரியாதவ எனக்குக் கதவச் சொல்ல வாராளா? இனிமே என் மக ஒன் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டா!"

"பாக்க வேண்டாம்! என் மகளுக்கு மருதாணி வைக்க ஊருல ஆளா இல்ல?"

கூடத்து மூலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பிரகாசிக்குக் கை நின்றுபோயிற்று. சண்டை போட்டது இரண்டு பெரியவர்கள். பறிபோனது அவளுடைய வியாழக்கிழமை. அதற்கு மேல் மலிகாவும் இல்லை. கல்யாணம் கட்டிப் போன பெண் எப்போது வருவாள் என்று யாருக்குத் தெரியும்? வந்தாலும் இடுப்பில் ஒரு பிள்ளையோடு, இருட்டுமுன் கிளம்பவேண்டும் என்ற அவசரத்தோடு வருவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அய்யா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கருவாட்டைப் புரட்டிப்போடக் கரைக்குப் போயிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அரைத்த மருதாணி வாசம் வந்தது. பிரகாசி குடிலின் முன்னால் போய் நின்றாள். மாடு இருந்தது, கழுதை இருந்தது, மாதாவும் சூசையப்பரும் இருந்தார்கள். நடுவில் காலித் தொட்டி. எல்லோரும் அந்த வெறும் தொட்டியைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் வேலிச் சந்தில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பூவரசு நிழலில் பாய் விரித்து மலிகா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகியிருந்தாள். எதிரே மருதாணிக் கிண்ணத்தோடு நூர் நிஷா.

"கையத் தாடி. காஞ்சு போகுது."

"தர மாட்டேன். அவ வந்து வச்சாத்தான்."

"அவ வர மாட்டா. அவ ஆத்தா..." என்று திரும்பிய நூர் நிஷா, பிரகாசியைப் பார்த்து நிறுத்தினாள். முகம் இறுகியது. "எதுக்குப் புள்ள வந்த? கொலகாரன் இருக்கிற வீட்டுக்கு?"

பிரகாசி மலிகாவைப் பார்த்தாள். எப்போதும் அவளுக்காகப் பேசுகிறவள் இந்தத் தடவை உதட்டை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வேண்டுமென்றேதான்.

"மாமி" என்றாள் பிரகாசி. "சேசுபாலனப் படுக்க வைக்கிற எடம் தீவனத் தொட்டி மாமி. ஆடு மாடு திங்கிற தொட்டி."

"அதுக்கு?"

"அதுல அதிரச மாவ வச்சது எங்கம்மா. சுத்திக் கம்பு மொளைக்க வச்சது நான். கதவையும் தெறந்து வச்சோம். இம்புட்டையும் செஞ்சு வச்சுட்டு, ஆட்டப் பாத்து வராதேன்னா அது என்ன செய்யும்?"

நூர் நிஷாவின் கையில் கிண்ணம் சாய்ந்தது. ஆட்டைப் பற்றிச் சொன்னதால் அல்ல. இந்தப் பிள்ளையின் குரலை இவ்வளவு நீளமாக அவள் கேட்டதே இல்லை.

"அது ஏரோதும் இல்ல மாமி. ஏரோது தேடித் தேடியும் பிள்ளையக் கண்டுபிடிக்கல. இது பசிச்சு வந்துச்சு, கெடச்சுச்சு. கும்பிட வந்தவுக எல்லாம் நின்னு பாத்துட்டுப் போனாக. வயிறார இருந்து சாப்பிட்டுப் போனது ஒங்க ஆடு ஒண்ணுதான்."

மலிகா பக்கென்று சிரித்துவிட்டாள். நூர் நிஷாவுக்கும் உதடு கோணியது. அடக்கிக்கொண்டாள்.

"இத ஒங்கம்மாகிட்டச் சொல்லுறது?"

"அம்மாவுக்கும் தெரியும் மாமி. தன் மேல தப்புன்னு தெரிஞ்சாத்தான் அம்மா அந்தக் கத்துக் கத்தும்."

மலிகா கக்கத்திலிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். பிரகாசி பாயில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கிண்ணத்துக்காக நூர் நிஷாவைப் பார்த்தாள். நூர் நிஷாவின் கண் வேறெங்கோ இருந்தது.

வேலிச் சந்தில் சூசையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கருவாட்டுப் பெட்டி, முழங்கை வரைக்கும் உப்பு. எப்போது வந்தாளோ, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் கடைசி வார்த்தை வரை கேட்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

பிரகாசி மடியிலிருந்த கையை விடவில்லை.

"ஒங்க மக பேசுறாக்கா" என்றாள் நூர் நிஷா. குரலில் பழைய கோபம் இல்லை.

சூசையம்மாள் மகளைப் பார்த்தாள். மலிகாவின் வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள். வேலியோரம் கட்டியிருந்த ஆடு எட்டி அவளுடைய பெட்டியின் ஓலையைக் கடித்தது. அவள் அதை விரட்டவில்லை. 'வாடி வீட்டுக்கு' என்ற சொல் வாய் வரைக்கும் வந்ததைப் பிரகாசி பார்த்தாள்.

நூர் நிஷா கிண்ணத்தைப் பாயில், பிரகாசியின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

சூசையம்மாள் பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மகளைக் கூப்பிடாமல் வேலிச் சந்து வழியே திரும்பிப் போனாள்.