சனிக்கிழமைத் தூக்கமும் ஒரு தட்டு கேக்கும்

பக்கத்து வீட்டு வெர்லின் நைகார்ட் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் நான் அவரைப் பற்றி நினைப்பதெல்லாம் எழுத்தில் வரக்கூடாதவை.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். வாரத்தில் ஐந்து நாளும் கோழி கூவும் முன்னால் எழுந்து, பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் கொட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச். என் கணவன் டுவெய்ன் அங்கே பாட்டுக் குழுவில் இருக்கிறான், போகாமல் தப்ப முடியாது. மிச்சம் சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு காலை கண் நிறையத் தூங்கினால்தான் அடுத்த வாரம் நான் மனுஷி.

அந்தக் காலையில்தான் வெர்லின் புல் வெட்டுவார். பனி உருகிப் புல் தலைகாட்டியதிலிருந்து இதே கதை. ஆறரை மணிக்குப் புல் வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் போவார், வருவார். திரும்பும் இடத்தில் வண்டி ஒரு உறுமல் உறுமும். டுவெய்ன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். இடி விழுந்தாலும் எழ மாட்டான். அவன் மேலும் கோபம் வரும்.

நேரே போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் குடியிருந்ததில்லை. இங்கே ஒருவர் நம் காலை மிதித்துக்கொண்டு நின்றால், காலை எடுங்கள் என்று சொல்ல மாட்டோம். இந்த வருஷம் மழை பரவாயில்லை என்போம். பிறகு வீட்டுக்கு வந்து கேக் சுட்டு அவருக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்கிக்கொண்டவர், எதற்கு இந்தக் கேக் என்று யோசித்துத் தானாகத் திருந்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நானும் சுட்டேன். வாசலில் தட்டை நீட்டிக்கொண்டே, சனிக்கிழமைகூட ரொம்பச் சீக்கிரம் எழுந்துவிடுகிறீர்கள் போல என்றேன். எங்கள் ஊர்க் கணக்கில் இது சட்டையைப் பிடித்து உலுக்குவதற்குச் சமம். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, நீயும் அப்படித்தானே ரொண்டா என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சத்தம் ஓயவே இல்லை. திரையை விலக்கிப் பார்த்தால், மனிதர் எங்கள் புல்லை வெட்டிக்கொண்டிருக்கிறார். கேக்குக்கு நன்றியாம். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன், வேறென்ன செய்வது. டுவெய்னுக்கோ தலைகால் புரியவில்லை. தன் வேலை ஒன்று ஒழிந்தது, வாராவாரம் கேக் சுடு என்றான்.

சுட வேண்டித்தான் இருந்தது. கேக் கொடுத்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் இங்கே கிடையாது. அவர் அதில் முள்ளங்கி நிரப்பிக் கொடுத்தார். புல் வெட்டியதற்கும் முள்ளங்கிக்கும் சேர்த்து நான் இன்னொரு கேக் கொடுத்தேன். அதற்கு அவர் புல் செதுக்கும் கைமெஷினை எடுத்துவந்து எங்கள் வீட்டுச் சுவரோரமெல்லாம் செதுக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தம் பல்லுக்குள்ளேயே இறங்கியது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, ரயில்வே கேட்டில் பஸ்ஸை நிறுத்தினேன். சரக்கு ரயில், நீளமானது. பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தால், ரயில் போய்விட்டிருந்தது, கேட் திறந்திருந்தது. நான் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி தூங்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்கு இல்லை. நின்ற பஸ்ஸில் தூங்கினவள் ஓடுகிற பஸ்ஸில் தூங்க எத்தனை நாளாகும்?

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு போனேன். வெர்லின் முதலில் என் கையைத்தான் பார்த்தார். மழையைப் பேசினோம், சோளத்தைப் பேசினோம், அவர் முழங்காலைப் பேசினோம். கிளம்புகிறேன் என்று வாசலில் ஒருமுறை சொன்னேன், படியில் ஒருமுறை சொன்னேன். வேலி வரைக்கும் வந்து வழியனுப்பினார். அங்கேதான் வாய் திறந்தது.

"வெர்லின், நீங்க சனிக்கிழமை அவ்வளவு காலைல புல் வெட்டுறதுல என் தூக்கமே போயிருச்சு. என்னால முடியல."

இப்படி ஒரு பேச்சை என் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. காதெல்லாம் சுட்டது. வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்நேரம் நீ தூங்கிட்டா இருப்ப?"

"பின்ன தூங்க மாட்டேனா?"

"இல்லம்மா, நாலரைக்கெல்லாம் பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணிடுவியே. பனிக்காலத்துல இன்னும் முன்னாடி. கிளம்புறதுக்கு முன்ன எவ்வளவு நேரம் உறுமிட்டே நிக்குது. ரிவர்ஸ் எடுக்கறப்ப கீச்சு கீச்சுன்னு வேற, சரியா என் தலைமாட்டுல. அதுல எந்திரிச்சு எந்திரிச்சு, பஸ் கிளம்பாத அன்னிக்கும் எனக்கு முழிப்பு வந்துருது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் தொந்தரவு வேண்டாமேன்னு ஆறரை வரைக்கும் காபியக் குடிச்சிட்டு சும்மா உக்காந்திருப்பேன்."

பஸ் எங்கள் வீட்டுச் சரளைப் பாதையில்தான் நின்றது. அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே, பதினோரு வருஷமாக. அது எனக்கு ஒரு சத்தமாகவே பட்டதில்லை, அது என் வேலை. வெட்கத்தில் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே," என்றார் வெர்லின். "நீ பஸ் ஓட்ட ஆரம்பிச்ச வருஷம், ஒரு கூடை தக்காளி கொண்டாந்து குடுத்தேன்ல?"

நல்ல தக்காளி. சாஸ் காய்ச்சி ஜாடி ஜாடியாக அடைத்து வைத்து அந்தப் பனிக்காலம் முழுக்கச் சாப்பிட்டோம். அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

மறுநாளே பாதிரியாரிடம் கேட்டு, பஸ்ஸைத் தெருக்கோடியில் இருக்கும் சர்ச்சின் பின்பக்கம் நிறுத்திக்கொண்டேன். சனிக்கிழமை எனக்கு விழிப்பு வந்தபோது ஜன்னல் முழுக்க வெயில். அதற்கப்புறம்தான் வெர்லினின் வண்டி உறுமியது. போர்வைக்குள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். தூங்கி எழுந்தவளுக்கு அது ஒன்றும் மோசமான சத்தமாக இல்லை.

இன்னும் சில வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை இருட்டில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ்ஸுக்கு நடந்தேன். வழக்கமாக அந்நேரம் வெர்லினின் சமையலறையில் விளக்கு எரியும். அன்று வீடு முழுக்க இருட்டாக இருந்தது. ஒரு கணம் பயந்துதான் போனேன். ஜன்னல் பக்கம் நெருங்கினதும் உள்ளே டுவெய்னைத் தோற்கடிக்கிற மாதிரி ஒரு குறட்டை.

சரளைக்கல்லில் என் பூட்ஸ் நறநறவென்றது. ஓரமாக விலகி, அவர் வெட்டி வைத்திருந்த புல்லின் மேல் நடந்து போனேன்.