வெள்ளைச் சுவரும் ககவாத்தே இலையும்

அன்று காலை ஹெர்னானி முதலில் செய்த வேலை, சுற்றுச்சுவரில் ஏறிக்கொண்டிருந்த உண்ணிகளைப் பழைய செருப்பால் அடித்ததுதான். புதிதாக வெள்ளையடித்த சுவரில் பொட்டுப் பொட்டாக ரத்தம் ஒட்டியது. துணியை நனைத்துத் துடைத்தான், கறை இன்னும் அகலமாகப் பரவியது. மதியத்துக்குள் அவன் மனைவி மிலா வந்துவிடுவாள். ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனவள் பல வருடங்களுக்குப் பிறகு விடுமுறையில் வருகிறாள். அவளை அழைத்துவர அண்ணன், அண்ணி, சித்தி, சித்தி பிள்ளைகள் என்று ஒரு ஜீப்னி வண்டி நிறைய சொந்தம் விடியலிலேயே மணிலா விமான நிலையத்துக்குக் கிளம்பியிருந்தது. வீட்டைப் பளிச்சென்று வைக்கும் பொறுப்பு ஹெர்னானியுடையது.

வீடு பளிச்சென்றுதான் இருந்தது. டூத்பிக்தான் இடைஞ்சல். மிலா போனபோது அது குச்சிக் கால் நாய்க்குட்டி, பேரும் அப்படி வந்ததுதான். இப்போது மூக்கு நரைத்துவிட்டது. காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி கொத்தாக அப்பியிருந்தது. சொறிந்து சொறிந்து முதுகில் முடி போய்விட்டது. சில மாதங்களாக மிலா வீடியோவில் கூப்பிட்டு, "எங்க என் பிள்ளை? காட்டு" என்றால், "வெளிய சுத்தப் போயிருக்கு" என்று ஹெர்னானி மழுப்பிவந்தான். கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் டூத்பிக் அவள் குரல் கேட்டு வாலால் தரையைத் தட்டும்.

முன்பு அந்த வீட்டுக்குச் சுவர் கிடையாது. ககவாத்தே மரவேலிதான். கிளையை ஒடித்து நட்டால் போதும், தானே வேர் பிடிக்கும். வெயில் தொடங்கும் மாதங்களில் இலையெல்லாம் உதிர்ந்து, வேலி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். இலை தழைத்த காலத்தில், சனிக்கிழமை தவறாமல் மிலா ஒரு கூடை இலை பறிப்பாள். ஹெர்னானி அதைக் கல்லில் வைத்துக் கசக்கிச் சாறெடுப்பான். உண்ணி அண்டாமலிருக்க அடிபம்படியில் இருவருமாக அதை நாய்க்குத் தேய்த்து, ஊறவிட்டு, நக்காமல் பிடித்துக்கொண்டு, பிறகு அலசுவார்கள். டூத்பிக் உடம்பை உதறும்போது இருவரும் நனைந்துபோவார்கள். "எனக்கு ரெண்டு நாய், அதுல ஒண்ணு புருஷன்" என்பாள் மிலா. அப்போது கையில் காசு இல்லை. ஆனால் அப்படிச் சிரித்த சிரிப்பை ஹெர்னானி அதற்குப் பிறகு சிரித்ததே இல்லை.

மிலாவின் பணம் வரத் தொடங்கிய காலத்தில், தெருவில் வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளெல்லாம் சுவர் எழுப்பின. ஹெர்னானி மட்டும் சும்மா இருப்பானா? வேலியை வெட்டி விறகாக்கினான். ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. இலை போனதோடு சனிக்கிழமைக் குளியலும் போயிற்று. உண்ணிக்கோ யோகம். பூசாத கல் இடுக்குகளில் குடும்பம் குடும்பமாகக் குடியேறியது.

அடுத்த வீட்டு இமோ சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். நெல் விவசாயி. அவன் மகனுக்கு ஹெர்னானிதான் ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கும்பாரே, செருப்பால சுவருக்குப் பூசையா?"

"சிரிக்காத. அவ வந்து இதைப் பாத்தா என் மானமே போயிடும். ஜீப்னி நிறைய ஆளு வேற வருது."

"இதுக்கா இப்படி வேர்க்குற? வயலுக்கு அடிக்கிற மருந்து எங்கிட்ட பாதி பாட்டில் கிடக்கு. தண்டுப் புழுவே சுருண்டு சாகுது. உண்ணி எந்த மூலைக்கு?"

"நாய்க்கு ஒண்ணும் ஆகாதே?"

"தண்ணி கலந்து ஊத்து. ஊர்ல எல்லாரும் ஊத்துறதுதானே!"

எல்லாரும் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் எத்தனை உயிர் போயிருக்கிறது! ஹெர்னானி ஊற்றினான். தலைமுதல் வால்வரை ஊற்றினான். உண்ணிகள் உதிர்ந்தன. டூத்பிக் எரிச்சல் தாங்காமல் முதுகை நக்கியது.

கொஞ்ச நேரத்தில் அதன் வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெடவெடத்தன. எழுந்து ஹெர்னானியிடம் வரப் பார்த்து, நடுவழியில் பக்கவாட்டாக விழுந்தது.

"கும்பாரே! என்னய்யா இது?"

இமோவின் முகம் வெளிறிவிட்டது. "இது... இது பிழைக்காது. ஜீப்னி வர்ற நேரம். சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடு. ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

சொந்த நாயைச் சாக்கில் திணிக்கும்போது ஹெர்னானி அழுதான். அழுதுகொண்டேதான் சாக்கின் வாயையும் கட்டினான். வெட்கம் மனுஷனை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். தான் சவாரி ஓட்டும் மோட்டார் டிரைசிக்கிளின் பக்கவண்டியில் சாக்கை வைத்து வாசலைத் தாண்டினான். எதிரே ஜீப்னி வந்து நின்றது.

மிலா குதித்து இறங்கினாள். "நானி! பொண்டாட்டி வர்ற நேரத்துல சவாரியா? நல்லா இருக்குய்யா உன் வரவேற்பு!" என்று சிரித்தாள். அவள் குரல் கேட்டதும் சாக்குக்குள் ஏதோ மெதுவாகத் தட்டியது.

மிலாவின் சிரிப்பு நின்றது. கட்டை அவிழ்த்தாள். மருந்து வாடை குப்பென்று அடித்தது. அவள் கத்தவில்லை. "தண்ணி. சோப்பு. அந்தப் பாட்டிலையும் எடுத்துட்டு வா, டாக்டர் கேப்பாங்க" என்றாள். ஹாங்காங்கிலிருந்து போட்டுவந்த புதுச் சட்டையோடு அடிபம்படியில் உட்கார்ந்து, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, நாயைத் தேய்த்து அலசினாள். ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஓட்டு" என்றாள். ஹெர்னானி அப்படி ஒருநாளும் டிரைசிக்கிள் ஓட்டியதில்லை.

கால்நடை டாக்டர் அபாத் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா போயிருக்கும். வயல் மருந்தை யாரும்மா நாய் மேல ஊத்தச் சொன்னது?" என்றார். இனி காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்.

வெளித் திண்ணைப் பலகையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள்.

"சுவரெல்லாம் உண்ணிக் கறை. நீ வந்து பாத்து அருவருப்புப்படக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தான் ஹெர்னானி.

"அருவருப்பா? ஹாங்காங்ல எனக்கு என்ன வேலைன்னு நினைச்ச? மேடம் வீட்டு நாயைத் தினம் நடத்திக் கூட்டிட்டு வந்து, விரல் இடுக்கெல்லாம் பிரிச்சு உண்ணி பாப்பேன். ஒவ்வொண்ணா எடுக்குறப்போ நம்ம டூத்பிக்கை நினைச்சுக்குவேன். யாரோ ஒருத்தர் நாயைக் கழுவின காசுலதான் நீ சுவர் கட்டுன. அந்தச் சுவர் கறையாகக் கூடாதுன்னு நம்ம நாயைச் சாக்குல கட்டிட்டியே, நானி!"

ஹெர்னானி முகத்தைப் பொத்திக்கொண்டான். உள்ளே நாயின் முனகல் கேட்டது. உயிர் இருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

டூத்பிக் பிழைத்தது. உடம்பு தேறும்வரை எதுவும் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்த டாக்டர், பிறகு ககவாத்தே இலைக்குச் சம்மதித்தார். "ஆனா இலைய மட்டும் நம்பாதீங்க. தினம் கையால எடுங்க, படுக்கிற துணிய வெயில்ல போடுங்க, அந்தச் சுவர் இடுக்கை அடைங்க" என்றார். ஹெர்னானி சுவரைப் பூசினான். இமோ தன் வயல் வேலியிலிருந்து ஒரு கூடை இலை கொண்டுவந்து வைத்துவிட்டு, தலை குனிந்து நின்றான்.

அன்று சனிக்கிழமை. அடிபம்படியில் ஹெர்னானி இலை கசக்க, மிலா தேய்த்தாள். கசங்கிய இலையின் பச்சை வாசனை எழுந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மிலாவின் சித்தி குடும்பம் விருந்துக்கு வாசலில் வந்து இறங்கியது.

இமோ பதறினான். "கும்பாரே, முடியில்லாத முதுகோட நாய் முன்னால நிக்குதே! பின்பக்கம் கட்டிடவா?"

"இங்கேயே நிக்கட்டும்" என்றான் ஹெர்னானி, வந்தவர்கள் காதிலும் விழும்படி. "வீட்டுல இருக்குற உயிருக்குச் சீக்கு வந்தா அதுல வெட்கம் இல்ல, கும்பாரே. ஊர் பாக்குமேன்னு அதை மறைக்கப் பாத்தேன் பாரு, அதுதான் வெட்கம். நம்ம நாய்க்குத் தேவைப்பட்டது விஷம் இல்ல. வாரம் ஒருநாள் நம்ம ரெண்டு கை. அதைக் குடுக்க மனசில்லாமதான் நான் பாட்டிலைத் தேடுனேன்."