கத்தாத பெல்ட்

தம்பியின் மய்யத்தைக் குளிப்பாட்டும் நேரத்தில் நௌஃபர் கண்டக்குழி விடுதி வளவில், அவனைக் கொன்ற காரின் முன்னால் குந்தியிருந்து, எஞ்சினின் புல்லிச் சக்கரத்தில் சுற்றிக் கிடந்த பெல்ட்டைக் குறட்டால் பிய்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் தேடுவார்கள். தேடட்டும். தம்பி ஃபஸ்லானின் உடம்பு புத்தளத்து ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே காரின் சொந்தக்காரன் றஊபின் பேச்சு அவர்கள் ஊரான பள்ளிவாசல்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெல்ட்டைப் பூட்டத் தெரியாமல் பூட்டினானாம், பிறகு பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஓட்டினானாம். மய்யத்து வீட்டுக்கு வந்தவர்கள் கதிரையில் உட்காருமுன் அதையே சொல்லி உச்சுக்கொட்டினார்கள். நௌஃபருக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. தம்பியை மண்ணில் வைப்பதற்குள், இதே ஆட்களுக்கு முன்னால் றஊபின் தலை குனிய வேண்டும். அதைப் பார்த்த பிறகு அழுதுகொள்ளலாம்.

றஊப் படகுக்கார வீட்டுப் பிள்ளை. யுத்தம் முடிந்து, காற்றாடியைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும், வாப்பாவின் மீன்வாடியை இந்த விடுதியாக்கினான். கையில் காசு புரண்டதும் இந்தக் கார் வந்தது. இதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். எஞ்சினின் பெல்ட்தான் அதையும் சுழற்றும். இருக்கிற வேகம் போதாதென்று றஊப் கொழும்புக்குப் போய் அதற்குச் சின்னப் புல்லி ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து பெல்ட் வழுக்கிக் கத்தத் தொடங்கியது. புதுசு போட்டாலும் கத்தியது. பழைய புல்லியையே திரும்பப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஃபஸ்லானுக்கு வாய் ஓய்ந்துபோனது.

"பெல்ட் கத்துறது குத்தமில்ல நாநா. தன்னால ஏலாதுண்டு சொல்லுது," என்று அண்ணனும் தம்பியுமாக நடத்திய கராஜில் வைத்து அவன் ஒருநாள் சொல்லியிருந்தான்.

வளைவில் கார் மோதிய மரம், ஓட்டுபவனின் கதவில்தான் ஏறியிருந்தது. எஞ்சின் அவ்வளவாக நசுங்கவில்லை. பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் புல்லி கோணல், பிழை பூட்டியவனுடையது. நௌஃபர் பயந்துகொண்டே முதலில் அதைத்தான் பார்த்தான். ஓரம் சுத்தமாக இருந்தது. அடிமட்டக் கோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தான், புல்லிகள் ஒரே கோட்டில் நின்றன. தம்பி பூட்டியதில் ஒரு மயிரளவு பிசகில்லை.

உள்பக்கத்து வரிகள்தான் வேரோடு பிய்ந்திருந்தன. அவற்றின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்து, அதில் கடற்கரை மணல் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான். காலையிலிருந்து வீட்டுச் சாம்பிராணிப் புகையில் கிடந்த மூக்கு முதலில் ஏமாந்தது. பிறகு பிடிபட்டது. குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சி, படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கிற குங்கிலியம்.

வலை இழுக்கிற மெஷினில் பெல்ட் வழுக்கினால் கரையில் எல்லாரும் செய்கிற வேலை அது. கொஞ்சம் தடவினால் பெல்ட் பிடித்துக்கொள்ளும். மெல்லச் சுற்றும் மெஷினுக்கு அது சரி. இந்தக் காரில் பெல்ட் வழுக்கவும் வழியில்லாமல் சூடேறி, ஒட்டிய மணலே அரமாகி அதைத் தின்றிருக்கிறது. அதே பெல்ட்டில்தான் ஸ்டீரிங் பம்பும் ஓடியது. பெல்ட் போனதும் வளைவில் ஸ்டீரிங் கல்லாகியிருக்கும்.

நௌஃபர் நிமிர்ந்து, விடுதிக் காவலாளி வின்சன்டைப் பார்த்தான். உள்ளே விட்டது அவர்தான். இதை யார் பூசியது என்று கேட்டான். விடுதிச் சோற்றில் வாழ்கிறவர் என்ன சொல்வார்? வின்சன்ட் படகுக் கொட்டிலுக்குப் போய், ஒரு பால்மா டின்னை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தார். அதில் குத்தியிருந்த பிரஷ்ஷில் ரப்பர்த் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நேத்துக் காலையில முதலாளி பூசினாரு. வெள்ளைக்காரங்கள ஏத்திட்டு ஓட," என்றார் மெல்ல. "நான் சொன்னதா இருக்க வேணாம் தம்பி."

நௌஃபர் வீட்டுக்குத் திரும்பியபோது கபன் துணி இட்டு முடிந்திருந்தது. தம்பியின் மனைவி மர்ளியா அறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று நௌஃபர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான்.

"நேத்துக் காரப் பாக்கப் போன இடத்துல, விடுதியில இருந்து அவங்க போன் பண்ணினாங்க," என்றாள். "இண்டைக்குப் பெல்ட் கத்தவேயில்ல, அதுதான் பயமா ஈக்கிது, கொஞ்சம் வேகமா ஓடித்தான் பாக்கோணும்ண்டாங்க."

கத்த வைக்கத்தான் ஓட்டியிருக்கிறான். கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பான். நௌஃபர் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் சொன்னான்.

"மய்யத்துக்கு முன்னால கைய ஓங்கிராதீங்க நாநா," என்றாள் மர்ளியா. "ஏசவும் வேணாம். ஆனா விட்டுராதீங்க."

தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போனால் விரலில் ஒட்டிய குங்கிலியம் தண்ணீரை ஏற்கவில்லை. சவர்க்காரத்துக்கும் மசியவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் போனது. பெல்ட்டை ஒரு பழந்துணியில் சுற்றிக்கொண்டு சந்தூக்குப் பெட்டியோடு பள்ளிவாசலுக்கு நடந்தான்.

அசர் தொழுகை முடிந்து, பள்ளி முற்றத்து வெயிலில் சந்தூக்கை வைத்து வரிசை கட்டினார்கள். தொழுவிப்பதற்கு முன் மய்யத்துக்குச் சொந்தக்காரன் முன்னே வந்து ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நௌஃபர் வந்து நின்றான். தம்பி யாருக்காவது பிழை செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். பொறுத்தோம் பொறுத்தோம் என்று வரிசைகள் முணுமுணுத்தன. முதல் வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு நின்ற றஊபின் குரல் மட்டும் ஓங்கிக் கேட்டது.

"நான் முழு மனசா மன்னிச்சிட்டன் நௌஃபர் நாநா. பெல்ட்டப் பிழையாப் பூட்டினதையும் மன்னிச்சிட்டன், என்ட கார் போனதையும் மன்னிச்சிட்டன்."

பெரிய மனசுதான் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஓங்க நினைத்த கையாலேயே நௌஃபர் துணியை அவிழ்த்து, பெல்ட்டை றஊபின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்து அழுத்தினான்.

"மோந்து பாருங்க."

றஊப் முகரவில்லை. முகர வேண்டிய தேவையும் அவனுக்கில்லை. பக்கத்தில் நின்ற அபூசாலி, கரையில் பாதிப் படகுகளுக்குக் குங்கிலியம் அடைத்த கிழவர், குனிந்து மூக்கை வைத்தார்.

"இது நம்மட குங்கிலியம்," என்றார் திகைத்துப்போய். "காருக்கா பூசின?"

"கத்திட்டே ஈந்திச்சு," என்றான் றஊப். "சத்தத்த நிப்பாட்டத்தான்…"

"பூசினதத் தம்பிக்கிட்டச் சொன்னீங்களா?" என்று நௌஃபர் கேட்டான்.

இல்லை என்று றஊபின் தலை ஆடியது. பின்வரிசைகளிலும் எல்லாருடைய கண்ணும் அந்தத் தலையில்தான் இருந்தது.

"அந்தச் சத்தத்தத் தேடித்தான் அவன் ஓடினான். அவனுக்கு ஒங்கட மன்னிப்புத் தேவல்ல. நீங்க கேளுங்க. இன்னம் இங்கதான் ஈக்கிறான்."

றஊப் சந்தூக்கைப் பார்த்தான். மௌலவி காத்திருந்தார், ஊரும் காத்திருந்தது. கடைசியில் மௌலவி வரிசையை நேராக்கச் சொன்னபோதுதான் பெல்ட் றஊபின் காலடியில் விழுந்தது. அவன் தலை குனிந்தே நின்றான். பார்க்க ஆசைப்பட்டதை நௌஃபர் பார்த்துவிட்டான். நெஞ்சு ஆறவில்லை.

மையவாடியில் கபுறுக் குழியை மூடும்போது ஒவ்வொருவராக வந்து மூன்று பிடி மண் போட்டார்கள். றஊபும் வந்தான். யாரும் தடுக்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்கள். அள்ளிப் போட்டான். கையிலிருந்து பாதி மண்தான் விழுந்தது. மறுபடி அள்ளினான். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் மண் அப்பிக்கொண்டது. இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தான், சாரத்தில் துடைத்தான், மீண்டும் தேய்த்தான்.

குங்கிலியம் மண்ணெண்ணெய் போட்டால் போகும் என்று எதிரே நின்ற நௌஃபருக்குத் தெரியும். அவன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான்.