நாலு டன் தண்ணீர்

மொட்டைமாடித் தண்ணீரைத் திறந்துவிட்ட அன்று கொத்தனாரின் வீடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

அந்தத் தண்ணீர் வீட்டோடு பிறந்தது. தளம் போட்ட மறுநாள், கான்கிரீட் இறுகட்டும் என்று சுற்றிலும் பாத்தி கட்டி அரை அடிக்கு நிறுத்தியது. கெடு முடிந்து, பாத்தியை உடைக்கச் சுத்தியலோடு ஏறினால், பெண்டாட்டி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு விட்டுடுங்களேன், நாளைக்கு உடைச்சுக்கலாம்" என்றாள். அந்த நாளை வரவேயில்லை. ஊரான் மாடியில் ஒரு குடம் தண்ணீர் தேங்கினாலே ஆட்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிற மனிதர், தன் தலைக்கு மேல் குளத்தை வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். கோடையிலும் அது வற்றவில்லை, கீழே ஒரு சொட்டு ஒழுகவுமில்லை. சாயங்காலமானால் அவள் கால் தண்ணீரை அளைகிற சத்தம் அடுப்படி வரை கேட்கும். அவள் செத்த பிறகும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. கட்டடப் படிப்புப் படித்த மருமகன் வந்து மாடியை அளந்தார்.

"இருபதுக்குப் பதினஞ்சு, அரை அடி ஆழம். நூத்தைம்பது கன அடி மாமா. கன அடிக்கு இருபத்தெட்டு கிலோ. நாலு டன்னுக்கு மேல நிக்குது."

"நிறுத்துப் பாத்தீங்களோ? தராசு எங்க மாப்பிள்ளை?"

மகள் குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். "இந்தக் கூரைக்குக் கீழ புள்ளையக் கொண்டுவர மாட்டேன். தண்ணி வேணுமா, நாங்க வேணுமா? நீயே சொல்லுப்பா."

கணக்கை அவர் நம்பவில்லை. மகள் செருப்பைக் கழற்றாமல் நின்றதை நம்பினார். மேலே போய் ஒரு மூலையில் மட்டும் பாத்தியைக் கொத்திவிட்டார். தண்ணீர் வடியப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை சளக்கென்றது. அதன்பின் அடுப்படியில் சத்தமே இல்லை. வீடு எழும்பியது அப்போதுதான்.

இத்தனை வருஷம் சுமந்த பாரம் இறங்கினால் எழும்பத்தானே செய்யும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். குழாயை மட்டும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது.

மகள் எக்கி ஏறி உள்ளே வந்து, குழந்தையைக் கூடத்தில் இறக்கிவிட்டாள். வீடு மெல்ல இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. அவர்கள் புறப்பட்டுப் போனால் எழும்பும், வந்தால் உட்காரும். அந்தப் பொடிசின் எடையை வைத்து மருமகன் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார். கொத்தனார் வாசலுக்கு ஒரு படி செய்தார். அதைத் தரையோடு சேர்த்துப் பூசவில்லை. அவர்கள் வருகிற நாளில் காலால் ஓரமாகத் தள்ளி வைக்கிறார்.