ஓரெஸ்ட் நிற்கும் உயரங்கள்

ஓரெஸ்ட் டிமிட்ரக் தரையில் நிற்பார், இல்லையென்றால் தன் வீட்டுக் கூரை உயரத்தில் நிற்பார், அதுவும் இல்லையென்றால் ரயில் பாதையோரத் தானியக் கிடங்கின் உச்சி உயரத்தில் நிற்பார். இடையில் எங்கேயும் அவரை யாரும் பார்த்ததில்லை. இங்கே இருந்தார், அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். கீழே வரும்போது மட்டும் இளம் ஊதா வெளிச்சம் ஒன்று பளிச்சிடும். பொட்டாஷ் என்ற பொட்டாசிய உப்பைத் தோண்டியெடுக்கும் சஸ்காட்செவான் சுரங்க ஊர்களில் குளிர்காலம் நீளம் என்பதால் இதைப் பற்றியும் ஒரு வாரம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்த கோர்டன் சொன்ன விளக்கமே ஊருக்குப் போதுமாயிருந்தது. பொட்டாசியம் அணுவில் மற்ற எலக்ட்ரான்களெல்லாம் உள் அடுக்குகளில் அடங்கிக் கிடக்க, ஒன்று மட்டும் வெளி அடுக்கில் பிடிமானமில்லாமல் திரிகிறது. சரியான அளவு சக்தி கிடைத்தால் மேல் மட்டத்துக்குத் தாவும். அளவு குறைந்தால் அசையவே அசையாது. “காலம் பூரா பொட்டாஷ் தூசியத் தின்னவன் வேற என்னவா ஆவான்?” என்றார் கோர்டன். ஓரெஸ்டுக்குச் சக்தி என்பது சந்தோஷம். உள்ளூர் ஹாக்கி அணி வென்றால் கூரை உயரம். மகள் லெஸ்யா கல்யாணச் சேதி சொன்ன அன்று கிடங்கின் உச்சி. பக்கத்து வீட்டிலிருந்து வரும் பெரோகிக் கொழுக்கட்டை மாதிரியான சில்லறைச் சந்தோஷங்கள் அவருக்குள் புகுந்து மறுபக்கமாகப் போய்விடும்.

அதற்கும் மேலே படியே கிடையாது, அதைத் தாண்டிப் போன எலக்ட்ரான் அந்த அணுவுக்குச் சொந்தமில்லை என்று கோர்டன் வாய் தவறிச் சொன்னது ஓரெஸ்டின் மனைவி மரிக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால், லெஸ்யா உண்டாகியிருக்கிறாள் என்று கால்கரியிலிருந்து போன் வந்தபோது, அவள் சேதியை ஒரேயடியாகச் சொல்லாமல் பொடிப்பொடியாக்கினாள். ஒருநாள் லெஸ்யாவுக்கு ஊறுகாய் பிடிக்கிறதாம் என்றாள். இன்னொரு நாள், காபியை விட்டுவிட்டாளாம். டிசம்பரில் பிள்ளை பிறந்தபோதும், ஆஸ்பத்திரி போய்விட்டு வந்தாளாம் என்பதோடு சரி. ஓரெஸ்ட் ரொட்டியை மென்றபடி தலையாட்டினார். ஆளைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் எதுவுமே தங்காத அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து மரிக்கா சமையலறையில் அழுதாள்.

ஜனவரியில், அவர்களுடைய பழைய நாட்காட்டிப்படியான கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லெஸ்யா கைக்குழந்தையோடு சொல்லாமல் வந்து இறங்கினாள். மதியம் ஹாக்கியில் ஜெயித்திருந்ததால் ஓரெஸ்ட் கூரை உயரத்தில் இருந்தார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் லெஸ்யா கம்பளியை விலக்கிக் காட்டினாள்.

“அப்பா, உங்க பேத்தி.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு கூரை உயரத்திலும் இல்லை, கிடங்கின் உச்சியிலும் இல்லை. தொப்பி மட்டும் பனியில் விழுந்தது.

முதல் நட்சத்திரத்தைப் பார்க்காமல் அந்த இரவு உணவில் கை வைக்கக் கூடாது. மேசையில் இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பதும் வழக்கம். லெஸ்யா தயங்கித் தயங்கி அப்பாவின் தட்டைப் பார்த்தாள். அது வேறு, இது வேறு என்று மரிக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். நட்சத்திரம் தேடி வாசலுக்கு வந்தால், தெருவிளக்குகளின் மஞ்சள் வானத்தை மூடியிருந்தது. விருந்துக்கு வந்து கூடவே நின்ற கோர்டன் சட்டைப் பையிலிருந்து நீலக் கண்ணாடிச் சில்லை எடுத்தார். பரிசோதனைக் கூடத்தில் தீயில் பொட்டாஷைக் காட்டும்போது, அதில் கலந்திருக்கும் சாதா உப்பின் மஞ்சள் பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும் என்பதால் எப்போதும் அதன் வழியாகத்தான் பார்ப்பார்கள்.

“போனதோட முடியல மரிக்கா. ஒண்ணக் குடுத்துட்ட அணு சும்மா இருக்காது, இழுத்துக்கிட்டேதான் இருக்கும். பாரு.”

மரிக்கா கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். மஞ்சள் அணைந்தது. கிடங்கின் உச்சியில் ஒரு ஊதாப் பொறி. அப்புறம் கூரைமேல் இன்னொன்று. அவளுக்கு உயிர் வந்தது. கண்ணாடியை இறக்கியபோது ஓரெஸ்ட் பனியில் நின்று தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஊறுகாய், காபின்னு என்னென்னமோ சொன்னியே, இதுக்குத்தானா?” என்றார். “புள்ளைக்கு என்ன பேரு?”

நட்சத்திரத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழந்தை சிரித்தது, அவர் கூரை உயரத்துக்குப் போனார். மரிக்கா அவருடைய தட்டை மூடி வைத்துவிட்டு, சூப் ஆறுவதற்குள் வந்துவிடுவார் என்று தன் பங்கைச் சாப்பிட்டாள்.